எடை, மூச்சு, கால்வீக்கம்: காசநோய் சிகிச்சையைத் திருத்திய ஆய்வுகள்

சளிப் பரிசோதனையில் காசநோய் என்று உறுதியான ஒருவர், திருச்சி மாவட்டத்தின் ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றுக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் ஸ்ரீரங்கத்தில் கோயில் மதிலோரம் பூக்கட்டி விற்பவராக இருக்கலாம். காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவராக இருக்கலாம். லால்குடிப் பக்கம் நடவுக்குப் போகிறவராகவும் இருக்கலாம். மாத்திரையைக் கையில் கொடுப்பதற்கு முன் செவிலியர் அவரை எடைக் கருவியில் ஏறச் சொல்கிறார். உயரத்தை அளக்கிறார். கணுக்காலுக்கு மேலே எலும்பின் மீது கட்டைவிரலை வைத்து, சில விநாடிகள் அழுத்தி எடுக்கிறார். விழுந்த குழி மறையாமல் நிற்கிறதா என்று பார்க்கிறார். விரல் நுனியில் ஆக்சிமீட்டரை மாட்டுகிறார். பிறகு கடிகாரத்தில் ஒரு கண்ணும் நோயாளியின் மார்பில் ஒரு கண்ணுமாக, முழுதாக ஒரு நிமிடம் மூச்சை எண்ணுகிறார். எதையும் பிடிக்காமல் எழுந்து நிற்க முடிகிறதா என்று கடைசியாக நிற்க வைத்தும் பார்க்கிறார்.

எல்லாம் சில நிமிட வேலை. ஊசி இல்லை, ரத்தப் பரிசோதனை இல்லை. ஆனால் இந்தச் சில நிமிடங்களுக்குப் பின்னால், சென்னை சேத்துப்பட்டில் தொடங்கி ஜார்கண்ட் கிராமங்கள் வரை அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்த ஆராய்ச்சிகள் இருக்கின்றன.

## யார் ஆபத்தில் இருக்கிறார்?

உலகின் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர். மருந்து இலவசம்; ஆறு மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டால் பெரும்பாலானவர்களுக்கு நோய் குணமாகிவிடுகிறது. அப்படியும் சாவு நேர்கிறது. அந்த மரணங்களைப் பதிவேடுகளை வைத்து அலசியபோது ஓர் உண்மை தெரிந்தது: பெரும்பகுதி மரணங்கள் சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதங்களுக்குள் நிகழ்கின்றன. மருந்து வேலை செய்வதற்கு முன்பே உடல் தோற்றுவிடுகிறது.

அப்படியானால் நோய் உறுதியான அன்றே, ஆபத்தில் இருப்பவரை அடையாளம் காண வேண்டும். அதுவும் பெரிய கருவிகள் இல்லாத கிராமத்து நிலையத்திலேயே முடிய வேண்டும். இந்தத் தேவையிலிருந்து பிறந்ததுதான் ‘தமிழ்நாடு காசநோய் இறப்பில்லாத் திட்டம்’. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் சென்னையில் இயங்கும் தேசிய தொற்றுநோயியல் நிறுவனமும் மாநிலக் காசநோய்ப் பிரிவும் சேர்ந்து வடிவமைத்த இத்திட்டம், 2022 ஏப்ரலில் சென்னை நீங்கலான மாவட்டங்களில் தொடங்கியது. திருச்சியும் அவற்றில் ஒன்று.

இத்திட்டம் பார்க்கச் சொல்வது ஐந்து அறிகுறிகளை. உடல் எடைக்கும் உயரத்தின் வர்க்கத்துக்குமான விகிதமான பி.எம்.ஐ. மிகக் குறைவா? கால் வீங்கியிருக்கிறதா? மூச்சு நிமிடத்துக்கு 24-ஐத் தாண்டுகிறதா? ரத்தத்தில் ஆக்சிஜன் 94 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிட்டதா? துணையில்லாமல் நிற்க முடியவில்லையா? பி.எம்.ஐ. 14 அல்லது அதற்கும் குறைவு என்றால் ஆபத்து. கால்வீக்கமும் சேர்ந்திருந்தால் 16-லேயே ஆபத்து.

14 என்ற எண் சட்டென்று புரியாது. 160 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவர் 35 கிலோ எடையோடு நின்றால் அவருடைய பி.எம்.ஐ. 14-க்கும் கீழே. எலும்பும் தோலுமாக இருக்கிறார் என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்களே, அந்த நிலை. ஆனால் எலும்பும் தோலுமாக இருக்கும் எல்லோரையும் கண்ணால் பார்த்தே கண்டுபிடித்துவிட முடியாது. சேலையும் சட்டையும் பாதியை மறைத்துவிடும். அதனால்தான் எடைக் கருவி.

ஐந்தில் ஆபத்தைக் காட்டும் ஏதாவது தெரிந்தால் அவரை வெறும் மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பக் கூடாது. உள்நோயாளியாகச் சேர்க்கும் வசதியுள்ள மருத்துவமனைக்கு அனுப்பி, முழுமையாகப் பரிசோதித்து, தேவைப்பட்டால் படுக்கையில் சேர்த்து ஆக்சிஜனும் உணவும் கொடுத்துத் தேற்ற வேண்டும். உணவு கொடுப்பதிலும் கவனம் தேவை. பல வாரம் பட்டினி கிடந்த உடலுக்கு ஒரே நாளில் நிறையக் கொடுத்தால் ரத்தத்தின் உப்புகள் நிலைகுலைந்து இதயமே பாதிக்கப்படலாம். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும் என்பதும் ஆய்வும் அனுபவமும் சேர்ந்து கற்றுக்கொடுத்த பாடம்தான்.

## சேத்துப்பட்டு கொடுத்த முதல் பாடம்

ஒரு காலத்தில் காசநோய் என்றாலே சானடோரியம். நல்ல காற்று, ஓய்வு, முட்டை, பால், மாதக்கணக்கில் படுக்கை. தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்தின் பெயரில் அந்தக் காலம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. திருச்சிக்காரர்களுக்கு, தஞ்சாவூர் சாலையில் இருக்கும் செங்கிப்பட்டி சானடோரியம் நினைவுக்கு வரும். படுக்கைகளோ சில, நோயாளிகளோ ஏராளம்.

1956-ல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் வேதிசிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் கைகோத்த முயற்சி அது. பிரிட்டிஷ் மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் நடந்த ஆய்வில் சென்னையின் ஏழை நோயாளிகளை, சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு சானடோரியத்தில். மற்றொரு குழு நெரிசலான வீட்டிலேயே. இரண்டு குழுவுக்கும் ஓராண்டுக்கு ஒரே மருந்து.

வீட்டில் இருந்தவர்களை மருந்துச்சீட்டோடு விட்டுவிடவில்லை. சுகாதாரப் பணியாளர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போனார்கள். மீதி மாத்திரையை எண்ணினார்கள். மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று சிறுநீரைச் சோதித்தார்கள். ஆய்வு முடிவு 1959-ல் வெளியானது. சானடோரியத்தில் 92 சதவீதம் பேருக்கும் வீட்டில் 86 சதவீதம் பேருக்கும் சாதகமான பலன். பெரிய வித்தியாசமில்லை. வீட்டில் உடன் இருந்தவர்களுக்கு அதனால் கூடுதலாக நோய் பரவவும் இல்லை.

அந்த முடிவு உலகத்தின் காசநோய் சிகிச்சையையே மாற்றியது. குடும்பத்தைப் பிரிந்து மாதக்கணக்கில் படுத்திருக்க வேண்டிய கட்டாயம் போனது. இன்று ஸ்ரீரங்கத்தில் ஒருவர் தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடி மாத்திரை விழுங்கிக் குணமாகிறார் என்றால் அதற்கு வழி போட்டது சேத்துப்பட்டு. அந்த மையம்தான் இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

## பின்னுக்குப் போன சாப்பாடு

அதே ஆய்விலிருந்து இன்னொரு பாடத்தையும் உலகம் எடுத்துக்கொண்டது. வீட்டில் இருந்தவர்களுக்குச் சானடோரியத்தைப் போலச் சத்தான சாப்பாடு கிடைக்கவில்லை, அப்படியும் குணமானார்கள். ஆகவே மருந்து இருந்தால் போதும், உணவு முக்கியமில்லை என்ற எண்ணம் மெல்ல வேரூன்றிவிட்டது. ஆய்வு கேட்ட கேள்வி ஒன்று. எடுத்துக்கொண்ட பதில் அதைவிடப் பெரியது. சளியில் கிருமி ஒழிகிறதா என்பதைத்தான் அது முதன்மையாக அளந்தது. 35 கிலோவோடு வருகிறவர் முதல் மாதத்தைத் தாண்டுவாரா என்ற கேள்வி வேறு.

அந்தக் கேள்வியை மறுபடி கையில் எடுத்தவர்கள் மங்களூருவைச் சேர்ந்த மருத்துவர்கள் அனுராக் பார்கவாவும் மாதவி பார்கவாவும். சேத்துப்பட்டு நிறுவனமும் பங்கேற்க, ஜார்கண்டின் நான்கு மாவட்டங்களில் ‘ரேஷன்ஸ்’ என்ற ஆய்வை நடத்தினார்கள். 2,800 நோயாளிகள், அவர்களோடு ஒரே வீட்டில் வசித்த 10,345 பேர். நோயாளிகள் அனைவருக்கும் மாதம் 10 கிலோ உணவுப் பொருள் கிடைத்தது. குடும்பங்களில் ஒரு பிரிவுக்கு வீட்டாருக்கும் சேர்த்து அரிசி, பருப்பு, சத்து மாத்திரை; மற்றொரு பிரிவில் நோயாளிக்கு மட்டும்.

முடிவுகள் 2023-ல் ‘லான்செட்’ இதழ்களில் வெளிவந்தன. வீட்டார் அனைவருக்கும் உணவு கொடுத்த குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. தொற்றக்கூடிய நுரையீரல் காசநோய் 48 சதவீதம் குறைந்தது. முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் கூடிய நோயாளிகளுக்கு மரண ஆபத்து 61 சதவீதம் குறைவாக இருந்தது. 35 கிலோ மனிதருக்கு 5 சதவீதம் என்பது இரண்டு கிலோகூட இல்லை.

இந்த இடத்தில் ஒரு நல்ல மருத்துவர் கொஞ்சம் நின்று யோசிப்பார். வீட்டார் பற்றிய முடிவு இரண்டு பிரிவை ஒப்பிட்டுக் கிடைத்தது, அது உறுதியானது. நோயாளிகளின் எடை பற்றிய முடிவு அப்படியல்ல. எல்லா நோயாளிகளுக்கும் உணவு கொடுக்கப்பட்டதால், எடை கூடியதால் பிழைத்தார்களா, பிழைக்கும் உடம்பு என்பதால் எடை கூடியதா என்பதை அந்தக் கணக்கு மட்டும் தீர்த்துவைக்காது. ஆனால் இரண்டு மாதமாகியும் எடை கூடாதவர் ஆபத்தில் இருக்கிறார் என்பதை அது தெளிவாகச் சொல்கிறது. எடையை ஒருமுறை எழுதிவிட்டு மறந்துவிடக் கூடாது, மாதாமாதம் பார்க்க வேண்டும் என்பதற்கு அந்த ஒரு காரணமே போதும்.

## இருமல் இல்லாத காசநோய்

நடைமுறையைத் திருத்திய இன்னொரு ஆய்வு, 2019 முதல் 2021 வரை நாடு முழுக்க நடந்த காசநோய்ப் பரவல் கணக்கெடுப்பு. அறிகுறி உள்ளவரா இல்லாதவரா என்று பாராமல் மார்பு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். கண்டுபிடிக்கப்பட்ட நோயாளிகளில் 42.6 சதவீதம் பேர் எக்ஸ்ரே மட்டும் இல்லையென்றால் தவறவிடப்பட்டிருப்பார்கள். அறிகுறி இருந்தவர்களிலும் 64 சதவீதம் பேர் எந்த மருத்துவரையும் நாடவில்லை.

இருமிக்கொண்டு வருகிறவரை மட்டும் பரிசோதித்தால் போதும் என்ற பழைய வழக்கத்தை இந்த இரண்டு எண்களும் அசைத்துவிட்டன. எக்ஸ்ரே கருவியோடு வண்டிகள் ஊருக்குள் வருவதும், சர்க்கரை நோயாளிகள், புகைபிடிப்பவர்கள், முதியவர்கள், நோயாளியின் வீட்டார் ஆகியோரைத் தேடிப் போய்ப் பரிசோதிப்பதும் இதன் தொடர்ச்சி. சுருட்டுக்குப் பேர்போன உறையூரைத் தன்னுள் கொண்ட திருச்சிக்கு இது அந்நியமான செய்தி இல்லை. புகையிலைப் புகை நுரையீரலின் காவலைக் குலைத்துக் காசநோய்க்கு வழிவிடுகிறது.

## ஏட்டிலிருந்து வார்டுக்கு

ஸ்ரீரங்கம் அரங்கநாதர் கோயிலுக்குள் தன்வந்திரி சன்னதி இருக்கிறது. கோயிலில் ஆரோக்கியசாலை நடந்ததையும், அதோடு தொடர்புடைய கருடவாகன பட்டரையும் கல்வெட்டுகள் பேசுகின்றன. குருவின் வாக்கும் கைப்பழக்கமும் அன்றைய வைத்தியருக்குத் துணை. இன்றைய மருத்துவருக்கும் அவை வேண்டும். அவற்றோடு கூட, நூறு பேரில் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று எண்ணிப் பார்க்கும் பழக்கமும் சேர்ந்திருக்கிறது.

அந்தப் பழக்கம் சில வழிகளில் வார்டுக்குள் வருகிறது. மருத்துவக் கல்லூரிகளில் மாணவர்களும் பேராசிரியர்களும் கூடி ஓர் ஆய்வுக் கட்டுரையை வரிவரியாக அலசுகிறார்கள். ஒரே கேள்விக்கு உலகெங்கும் நடந்த ஆய்வுகளையெல்லாம் ஒன்றாகத் தொகுத்துச் சொல்லும் ‘காக்ரேன்’ அமைப்புக்கு வேலூர் சி.எம்.சி.யில் மையம் உண்டு. அப்படித் தேறி வருவதைத் தேசிய வழிகாட்டு நெறிகள் சுருக்கித் தருகின்றன. கடைசியாக அது செவிலியர் கையில் ஒரு பக்கத் தாளாக, ஐந்து கட்டங்களாக வந்து சேர்கிறது.

வந்த பிறகும் வேலை முடிவதில்லை. ஒருவர் இறந்துபோனால் ஏன், எங்கே தாமதம், எடை பார்த்தோமா, சர்க்கரை பார்த்தோமா, படுக்கை கிடைத்ததா என்று திரும்பிப் பார்ப்பதற்கு மரணத் தணிக்கை என்று பெயர். யார் மீதும் பழி போடுவதற்காக அது நடப்பதில்லை. அடுத்தவரைக் காப்பாற்றுவதற்காக நடக்கிறது. இறப்பில்லாத் திட்டம் வந்த பிறகு பல மாவட்டங்களில் தொடக்கக் கால மரணங்கள் குறைந்ததும் இப்படி எண்ணிப் பார்த்ததால் தெரியவந்ததுதான்.

கூட்டம் நெரியும் ஒரு காலை வேளையில் முழுதாக ஒரு நிமிடம் மூச்சை எண்ணுவது எளிதல்ல. கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்கிவிடத் தோன்றும். ஒரு மூச்சு தவறினால் கணக்கில் நான்கு தவறும். 28 என்பது 24 ஆகிவிடும். ஆபத்தில் இருப்பவர் வீட்டுக்குப் போய்விடுவார். அந்த ஒரு நிமிடத்தைச் செலவிடும் செவிலியர்கள்தான் இந்த ஆய்வுகளுக்கெல்லாம் உயிர் கொடுக்கிறார்கள்.

## வீட்டில் கவனிக்க வேண்டியவை

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, பசியின்மை, காரணமில்லாத எடைக்குறைவு, சளியில் ரத்தம் ஆகியவற்றில் எது இருந்தாலும் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேவும் இலவசமாகச் செய்துகொள்ளலாம். கூடவே சர்க்கரையும் எச்.ஐ.வி.யும் பரிசோதிக்கப்பட வேண்டும்.

எத்தனை மாத்திரை என்பது உடல் எடையைப் பொறுத்தது. 35 முதல் 49 கிலோ வரை தினம் மூன்று. 50 முதல் 64 வரை நான்கு. எடை கூடினால் மாத்திரை எண்ணிக்கையும் மாறும். ரிஃபாம்பிசின் மருந்தால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும்; அதைப் பார்த்துப் பயந்து மருந்தை நிறுத்திவிடக் கூடாது. கண் மஞ்சளானாலோ வாந்தி நிற்காவிட்டாலோ உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

நிக்ஷய் ஊட்டச்சத்து உதவித்தொகை 2018-ல் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கி, 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயாக உயர்ந்திருக்கிறது. அது நோயாளியின் தட்டில் முட்டையாக, பருப்பாக, கடலையாக விழ வேண்டிய பணம். வீட்டில் உள்ள அனைவரையும் பரிசோதித்து, நோய் இல்லாதவர்களுக்குத் தடுப்பு மருந்து தேவையா என்றும் கேட்க வேண்டும். சந்தேகங்களுக்கு 1800-11-6666 என்ற இலவச எண் இருக்கிறது.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாராவது காசநோய்க்கு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தால், அவருடைய சிகிச்சை அட்டையை ஒருமுறை வாங்கிப் பாருங்கள். இந்த மாத எடை அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுதப்படவில்லை என்றால், அடுத்த முறை மாத்திரை வாங்கப் போகும்போது கூடப் போய், எடை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.