விழுந்த மரமும் வீட்டு விறகும்

கார்த்திகையும் மார்கழியும் நம் நாட்டின் வடக்கிலும் கிழக்கிலும் மரங்கள் சாயும் மாதங்கள். 1964 ஆம் ஆண்டு டிசெம்பரில் வடபகுதியை அலைத்த புயலையும், 1978 ஆம் ஆண்டு நவெம்பர் 23 ஆம் திகதி மட்டக்களப்பைத் தாக்கித் தென்னந்தோட்டங்களைச் சாய்த்த சூறாவளியையும் முதியோர் மறந்திருக்கமாட்டார். அத்துணைப் பெரிய புயல் வேண்டுவதுமில்லை. மழையில் ஊறிய மண்ணும் ஓரிரவுக் காற்றும் சேர்ந்தாலே வேலியோரத்து மரமொன்று விடியற்காலையில் வளவுக்குள் வீழ்ந்து கிடக்கும்.

வீழ்ந்த மரத்தை விறகாக்குவது நம்மவர்க்குப் புதிதன்று. ஆனால் எந்த மரம் என்று அறியாமல் அடுப்பில் வைப்பது பெருகிவருகின்றது. 2022 ஆம் ஆண்டில் சமையல் எரிவாயு கிடையாதிருந்தபோது, பல்லாண்டுகளாக அடுப்பூதி அறியாத பட்டினத்து வீடுகளும் விறகைத் தேடின. கையில் அகப்பட்டதெல்லாம் விறகெனக் கொண்டவர்களுக்குப் புகையே மிஞ்சியது. சில மரங்களின் புகை வெறும் தொல்லை. சிலவற்றின் புகை கண்ணுக்கும் நெஞ்சுக்கும் கேடு. ஆகவே, கிடக்கும் மரத்தை இன்னதென்று அறிந்துகொள்ளும் வழிகளைப் பற்றி இன்று சிறிது கூறுவேன்.

மரம் வீழ்ந்த மறுநாளே நீங்கள் அதனைப் பார்ப்பீர்களாயின் வேலை எளிது. இலையுடன் கூடிய ஒரு கிளையை ஒடித்து வைத்துக்கொள்ளுங்கள். பூவோ காயோ இருந்தால் அதனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இலையைப்போல் உறுதியான சாட்சி வேறில்லை. ஊரிலுள்ள வைத்தியரோ, தச்சரோ, ஆடு வளர்க்கும் மூதாட்டியோ பார்த்த மாத்திரத்தில் பெயர் சொல்லிவிடுவர். தழை தேடித் திரிபவர்களுக்கு மரங்களைப் பற்றித் தெரிந்த அளவு படித்தவர்களுக்குத் தெரிவதில்லை என்பது என் கருத்து.

இலை உதிர்ந்து மரம் வெறுங்கட்டையாய்க் கிடக்குமாயின், பட்டையை முதலிற் பாருங்கள். கத்தி நுனியாற் சிறிது கீறிப் பால் வடிகின்றதா என நோக்குதல் வேண்டும். இங்குதான் பெரிதும் விழிப்பாயிருத்தல் வேண்டும். வெண்பால் வடிவது மிகச் சிறந்த விறகுக்கும் அடையாளம், மிகக் கொடிய விறகுக்கும் அடையாளம். வன்னிக் காடுகளிலுள்ள பாலை மரத்துக்குப் பால் உண்டு. அதனினும் மேலான விறகு நமக்குக் கிடைப்பது அரிது. பலாவுக்கும் பால் உண்டு. ஆனால் களப்போரங்களில் கண்டலுடன் கலந்து வளரும் தில்லைக்கும் பால் உண்டு. சிதம்பரத்துக்குத் தில்லையென்னும் பெயர் வரக் காரணமாயிருந்த மரம் இதுவே. பெயரிலே தெய்வமணம் இருப்பினும், இதன் பால் கண்ணிற் பட்டாற் பார்வையைக் கெடுக்கும். தோலிற் பட்டாற் புண்ணாக்கும். இதன் புகையுங் கண்ணை எரிக்கும். பட்டையைக் கீறும்போது முகத்தைக் குனிந்து வைத்துக்கொள்ளாதீர்கள். பால் தெறித்துவிட்டால் நிறைந்த நீராற் கண்ணைக் கழுவி, தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

பாலையையும் தில்லையையும் பிரித்தறிவது எங்ஙனம்? வெட்டுமுகத்தைப் பார்த்தால் ஐயம் நீங்கும். பாலையின் உட்கட்டை செங்கபிலநிறமாய், கோடரியைத் திருப்பியடிக்கும் வன்மையுடையதாய் இருக்கும். புதிதாய் வெட்டிய துண்டு நீரில் அமிழும். தில்லையோ வெண்மையாய், மெதுவாய், காய்ந்தபின் கையில் நொய்தாய் இருக்கும். பாலுள்ள, இலேசான, வெள்ளை மரம் களப்போரத்திற் கிடந்தால் அதனைத் தொடாமல் விடுவதே அறிவுடைமை.

வெட்டுமுகம் என்றவுடன் சிலர் வளையங்களை எண்ணத் தொடங்குவர். குளிர்நாட்டு மரங்களில் ஆண்டுக்கொரு வளையம் தெளிவாய்த் தெரியும். நம் மரங்கள் பெரும்பாலனவற்றில் அது தெளிவாய் அமைவதில்லை. நாம் நோக்கவேண்டியது வெளிறும் வைரமும். புறத்தே இருக்கும் இளங்கட்டை வெளிறு. அகத்தே முதிர்ந்து நிறம் மாறிய கட்டை வைரம். உள்ளே வன்மையுடையதை மரமென்றும், புறத்தே வன்மையுடையதைப் புல்லென்றும் தொல்காப்பியர் மரபியலில் வகுத்தார். அவ்வகையிற் பனையும் தென்னையும் புல்லே. அவற்றின் வெட்டுமுகத்தில் வைரமோ வளையமோ இல்லை. நார்ப்புள்ளிகள் சிதறிக் கிடக்கும். ஓரம் இரும்பு, நடு பஞ்சு. தென்னங்கட்டையின் நடுப்பகுதி மழைநீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அதனை விறகென நம்பி ஏமாறாதீர்கள். அதனிலும் சிரட்டையும், பாளையும், காய்ந்த மட்டையும் நன்றாக எரியும். பனையின் ஊமலும் அவ்வாறே.

ஏனைய மரங்களை வைரத்தின் நிறமே பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். வேம்பின் வைரம் சிவந்த கபிலம். பூவரசின் வைரம் இருண்ட செந்நிறம். அதன் பட்டையில் நீண்ட நார் உரியும். பலா புதிதில் மஞ்சள், நாட்பட நாட்படக் கபிலம். புளியின் வெளிறு மஞ்சள் கலந்த வெண்மை. முதிய மரத்தில் மட்டும் நடுவிலே கருஞ்சிவப்பான வைரம் ஒழுங்கற்றுப் படர்ந்திருக்கும். புளியைப் பிளப்பது கோடரிக்காரனின் பொறுமைக்குச் சோதனை. எனினும் அதன் தணலின் சூடு அந்த உழைப்புக்கு ஈடாகும். முருங்கைக்கும் முள்முருக்குக்கும் வைரமே இல்லை. அவை அடுப்பிற் புகைந்து சாம்பலாவதன்றி வேறு பயன் தருவதில்லை. ஓராண்டு வெயிலிற் கிடந்த எந்தக் கட்டையும் புறத்தே சாம்பல் நிறமாய்விடும். ஆகையால் புதிதாய் ஒரு முகம் வெட்டிப் பார்த்தே நிறத்தைத் தீர்மானிக்க வேண்டும். கறுத்த நடுவெல்லாம் வைரமென்றும் எண்ணற்க. நகத்தால் அழுத்தப் பதியுமாயின் அது உளுத்த கட்டை.

இனி, நிறை. கனமான மரம் நல்ல விறகு என்பார்கள். காய்ந்த மரத்துக்கு இது பொருந்தும். பச்சை மரத்துக்குப் பொருந்தாது. பச்சை முருங்கையும் தூக்க முடியாத கனந்தான். அக்கனம் நீரின் கனம். ஒரு சாண் துண்டை வெட்டி நிறுத்து, அடுப்பங்கரையில் வைத்து, நிறை குறைவது நிற்கும்வரை சில நாட்களுக்கொருமுறை நிறுத்துப் பாருங்கள். 1 கிலோகிராமாயிருந்தது 600 கிராமில் நின்றால், எஞ்சிய 400 கிராமும் நீர்.

முற்றக் காய்ந்த மரம் எதுவாயினும் 1 கிலோகிராம் ஏறத்தாழ 4500 கிலோகலோரி வெப்பந் தரும். புளிக்கும் இலவுக்கும் இதிற் பெரிய வேறுபாடில்லை என்றாற் பலர் நம்பமாட்டார். வேறுபாடு எங்கேயெனில், ஒரே அளவான கட்டில் புளி கூடுதலான நிறையைக் கொள்கின்றது. எனவே கட்டுக் கணக்கில் வாங்குவோர் மரத்தின் வகையைப் பார்க்க வேண்டும்; நிறைக் கணக்கில் வாங்குவோர் ஈரத்தைப் பார்க்க வேண்டும். பாதி நீராயுள்ள பச்சை விறகு 1 கிலோகிராமில் மரம் அரைக் கிலோகிராமே. அது தரும் 2250 கிலோகலோரியில் ஏறத்தாழ 300 கிலோகலோரி அந்நீரைச் சுடவைத்து ஆவியாக்கவே செலவாகிவிடும். அத்தோடு நட்டம் முடிவதில்லை. நெருப்பின் சூடு தணிவதால் மரம் முற்ற எரியாது. எரியாது போன பகுதியே புகையாய் எழுந்து, அடுப்பின் முன் நிற்கும் பெண்ணின் கண்ணிலும் நெஞ்சிலும் சேர்கின்றது. சவுக்கு ஓரளவு ஈரமாயிருந்தாலும் எரியும் இயல்பினது. அதனைக்கொண்டு பிற மரங்களையும் அவ்வாறே கருதலாகாது. வேலிக்கு நடும் சீமைக்கிளுவையும் காயவைத்தாற் குறைந்த புகையுடன் எரியும்.

அடுப்புக்கு ஆகாதவற்றில் தில்லையைச் சொன்னோம். வீட்டு முற்றத்து அலரியும் அத்தகையதே. அதன் கிளை, இலை, புகை யாவும் நஞ்சு. பூக்கன்றுதானே என்று குப்பையோடு சேர்த்துங் கொளுத்தாதீர்கள்.

வேறு சில மரங்களை எரித்தல் நஞ்சன்று, நட்டம். வெட்டுமுகம் பட்டுப்போல் மினுங்கி, வெளிர்மஞ்சளாய், நறுமணங் கமழ்ந்தால் அது முதிரை. நடு மையென இருண்டிருந்தாற் கருங்காலி. இவற்றை ஓரிடத்திலிருந்து ஓரிடத்துக்குக் கொண்டுசெல்ல வனத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை வெட்டுவதை 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் கட்டுப்படுத்துகின்றது. காற்று வீழ்த்திய மரமேயாயினும், கோடரி வைக்குமுன் கிராம அலுவலரிடம் ஒரு சொல் சொல்லிவைப்பது பின்வருந் தொல்லையைத் தவிர்க்கும். பலாவின் நேரிய அடிமரத்தைத் தச்சரிடங் காட்டிவிட்டு, கிளைகளை மட்டும் அடுப்புக்கு எடுப்போரே கணக்கறிந்தோர்.

மார்கழியில் வீழ்ந்த மரத்தைத் தைப்பொங்கலுக்கு எரிக்க நினைப்பது அவசரம். உருளையாய்க் கிடக்கும் கட்டை பட்டையின் காவலால் மாதக்கணக்கில் ஈரம் விடாது. ஆகவே பச்சையிலேயே ஒரு முழத் துண்டுகளாக அறுத்துப் பிளந்துவிடுங்கள். பெரும்பாலான மரங்கள் அப்போதுதான் எளிதிற் பிளக்கும். நிலத்திற் படாமல் இரண்டு கட்டைகளின்மேல், காற்றுப் புக இடைவெளி விட்டு, குறுக்கும் நெடுக்குமாய் அடுக்குங்கள். மேலே மட்டும் கிடுகோ தகரமோ போடுங்கள், பக்கங்களை மூடவேண்டாம். பங்குனி வெயில் கழிந்தபின் இரண்டு துண்டுகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். ஈரமுள்ள விறகு மந்தமாய் ஒலிக்கும். காய்ந்தது கணீரென்னும், அதன் முனைகளில் நடுவிலிருந்து ஓரம்நோக்கி வெடிப்புகள் ஓடியிருக்கும்.