பிறப்பே குற்றமா?

விருத்தாசலம் என்றதும் பீங்கான் நினைவுக்கு வரும். அதனருகே முதனை கிராமத்துக் குறவர் ராஜாக்கண்ணுவை, நகைத் திருட்டு என்று 1993-ல் கம்மாபுரம் போலீசார் பிடித்துச் சென்றனர். பிறகு, தப்பி ஓடிவிட்டார் என்றனர்!

மனைவி நம்பவில்லை. வழக்கறிஞர் சந்துரு மூலம் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுப் போட்டார். காவலில் கொல்லப்பட்டது அம்பலமாயிற்று. போலீசாரே குற்றவாளிகள் என்று 2006-ல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஏன் இந்தக் கொடுமை? 1871-ல் வெள்ளையர் கொண்டுவந்து, 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டிய குற்றப் பரம்பரைச் சட்டம், குறவர் முதலிய பல சாதியாரைப் பிறவித் திருடர் ஆக்கியது. அவர்கள் போலீசில் ஆஜராக வேண்டும். கைரேகை வைக்க வேண்டும். 1947-ல் சென்னை மாகாணத்தில் சட்டம் ஒழிந்தது, சந்தேகம் ஒழியவில்லை. குற்றத்தைத் துப்பறிவதை விட்டுச் சாதியைத் துப்பறிந்தால், அது நீதியாகுமா?