துடிக்கும்போதே பிடியுங்கள்

சென்ற வாரம் ரத்த அழுத்தத்தைப் பற்றிப் பேசினோம். கையில் பட்டையைச் சுற்றினால் எந்த நேரத்திலும் அதை அளந்துவிடலாம். படபடப்பு அப்படி இல்லை. ராஜபாளையத்து நூற்பாலையில் ராத்திரி ஷிப்டில் நிற்கும் ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். மூன்று மணி வாக்கில் நெஞ்சு படக்குப் படக்கென்று அடிக்க ஆரம்பிக்கிறது. கழுத்து வரை துடிப்பு தெரிகிறது. கால் மணி நேரம் கழித்து, ஆரம்பித்த மாதிரியே சட்டென்று நின்றுவிடுகிறது. ஷிப்டு முடிந்து, பஸ் பிடித்து, மருத்துவமனையில் சீட்டு வாங்கி உட்காரும்போது மணி பத்து. இசிஜி எடுத்தால் எல்லாம் சீராக இருக்கிறது. “ஒண்ணும் இல்லம்மா, சும்மா பயந்திருக்கீங்க” என்று அனுப்பிவிடுகிறார்கள். வீட்டில் மாமியார், “கேஸாத்தான் இருக்கும், ஓமத்தண்ணி குடி” என்கிறார்.

அந்த ‘ஒண்ணும் இல்லை’யை அப்படியே ஏற்றுக்கொள்ள எனக்கு மனம் வருவதில்லை. இசிஜி தாளில் பதிவது சில நொடிகள்தான். அந்த நொடிகளில் இதயம் எப்படி ஓடியது என்பதை அது சரியாகச் சொல்லும். விடிகாலை மூன்று மணிக்கு என்ன நடந்தது என்பது அதற்குத் தெரியாது. 1997ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. இதயத்தின் மின்பாதையில் குறுக்குவழி போன்ற கோளாறு இருந்து, திடீர் திடீரென வேகத் துடிப்பு வந்துகொண்டிருந்த 107 பேரை அதில் பார்த்தார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் அறிகுறிகள், பதற்ற நோய்க்கான இலக்கணத்துக்கும் அப்படியே பொருந்தின. பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு முதல் பரிசோதனையில் உண்மையான நோய் பிடிபடவே இல்லை. மனப்பதற்றம் என்று முத்திரை குத்தப்படுவது பெண்களுக்கே அதிகம் நடந்தது. நம் ஊரில் நிலைமை இதைவிட மேலாக இருக்கும் என்று நம்ப எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

படபடப்பு என்றாலே மாரடைப்பு என்று நடுங்கவும் வேண்டாம். ஓய்வாக இருக்கும்போது இதயம் நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை துடிக்கிறது. ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் துடிப்பு. அதில் இடையே ஒன்று முந்திக்கொண்டு வரும், பிறகு ஒரு கணம் நின்றது போலிருக்கும், அடுத்த துடிப்பு ‘திக்’கென்று இடிக்கும். இது ஆரோக்கியமான பலருக்கும் வருவதுதான். தூக்கம் கெட்டாலும், காபி கூடினாலும், காய்ச்சல் அடித்தாலும், சளிக்கு வாங்கிப் போடும் சில மாத்திரைகளாலும் இதயம் வேகமெடுக்கும். தைராய்டு கூடுதலாகச் சுரந்தாலும் இதே கதைதான்.

இந்தப் பக்கத்துப் பெண்களிடம் முதலில் பார்க்க வேண்டியது ரத்தசோகையை. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்றில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஆள் குறைந்தால், இருக்கிற ஆளையே இரண்டு நடை கூடுதலாக ஓட்ட வேண்டியதுதானே? இதயம் அதைத்தான் செய்கிறது. மில்லில் எட்டு மணி நேரம் நின்று, காலைச் சாப்பாட்டைத் தவறவிட்டு, மாதவிலக்கில் அதிகம் ரத்தம் போகும் பெண் “மாடிப்படி ஏறினா நெஞ்சு அடிச்சுக்குது” என்றால், முதல் வேலையாக ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்த்துவிடலாம்.

சர்க்கரை நோயாளிகளுக்கு வேறொரு கதை. மார்கழி விடியலில் ஆண்டாள் கோயிலுக்குப் போகிற அவசரத்தில் மாத்திரையையோ இன்சுலினையோ போட்டுக்கொண்டு, தரிசனம் முடிந்து சாப்பிடலாம் என்று வெறும் வயிற்றோடு வரிசையில் நிற்பவர்கள் உண்டு. குப்பென்று வியர்த்து, கை நடுங்கி, நெஞ்சு படபடத்தால் சர்க்கரை இறங்கிவிட்டது என்று பொருள். ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்த நேரத்தில் கைக்கு எட்டுவது பால்கோவாதான். ஆனால் அதிலுள்ள கொழுப்பு, சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். தண்ணீரில் கரைத்த சர்க்கரையோ குளுக்கோஸோ சீக்கிரம் வேலை செய்யும். பால்கோவாவை வீட்டுக்கு வாங்கிப் போகலாம்.

வயதானவர்களின் படபடப்பில் நான் கவலைப்படுவது ஒழுங்கின்மையைப் பற்றி. மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் இரண்டு விரல்களை வைத்து, கடிகாரத்தைப் பார்த்து முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். தாளமே இல்லாமல், ஒன்றுக்கொன்று சம்பந்தமின்றி அடித்தால், இதயத்தின் மேலறைகள் சுருங்காமல் வெறுமனே நடுங்கிக்கொண்டிருக்கலாம். அங்கே தேங்கும் ரத்தம் கட்டியாகி மூளைக்குப் போனால் பக்கவாதம். ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தால் இந்த ஆபத்தைப் பெருமளவு குறைக்கலாம். சிறுவயதில் தொண்டைப்புண்ணைத் தொடர்ந்து வந்த மூட்டுவாதக் காய்ச்சலால் இதய வால்வு கெட்டவர்களுக்கு இதே கோளாறு இளவயதிலும் வரும். சில பெண்களுக்கு அது முதன்முதலாகத் தெரிவதே கர்ப்பகாலத்தில்தான்.

இனி, காத்திருக்கவே கூடாத நேரங்கள். படபடப்போடு நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வந்தால், மயக்கம் வந்தால் அல்லது கண் இருட்டிக்கொண்டு வந்தால், உட்கார்ந்து ஓய்வெடுத்தும் வேகம் தணியாமல் நீடித்தால், 108ஐக் கூப்பிடுங்கள். மகனின் பைக் பின்னால் உட்கார்ந்து போக வேண்டாம். வழியில் மயங்கினால் பிடிக்க ஆள் கிடையாது. ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்களும், குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்திருப்பவர்களும், படபடப்பு தானாக நின்றுவிட்டாலும் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும்.

தாணிப்பாறையிலிருந்து சதுரகிரி மலைமேல் மகாலிங்கம் கோயிலுக்கு ஏறுகிறவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஏற்றத்தில் யாருக்கும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். நின்றால் சில நிமிடங்களில் மெல்ல மெல்லத் தணியும். ஆனால் ஏறும்போது நெஞ்சு இறுகினாலோ, தலை சுற்றி விழப்பார்த்தாலோ, அதற்கு மேல் ஒரு படிகூட வேண்டாம். மலையேறும்போது மூச்சுத்திணறி இறந்தவர்களைப் பற்றிய செய்திகளைப் பலமுறை படித்திருக்கிறோம். மகாலிங்கம் அடுத்த அமாவாசைக்கும் அங்கேதான் இருப்பார்.

ஆபத்து அறிகுறி இல்லாமல் வந்து வந்து போகும் படபடப்புக்கு என்ன செய்வது? எத்தனை மணிக்கு வந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், சட்டென்று வந்ததா, படிப்படியாகக் கூடியதா, எப்படி நின்றது, நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்று குறித்து வையுங்கள். மருத்துவர் முன் மேசையில் விரலால் அதே தாளத்தைத் தட்டிக் காட்டுங்கள். பாதி விஷயம் அதிலேயே அவருக்குப் பிடிபடும். ஒரு நாள் முழுக்க உடம்போடு இருந்து பதிவுசெய்யும் ஹோல்டர் கருவி தேவையா என்று கேளுங்கள். எல்லாவற்றையும்விட, அடுத்த முறை துடிக்கும்போதே, ஒருவரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு, பக்கத்தில் இசிஜி எடுக்கும் இடம் எதுவோ அங்கே போய்விடுங்கள். பெரிய ஆஸ்பத்திரிதான் வேண்டும் என்பதில்லை. மில் சூப்பர்வைசர்களுக்கும் சொல்கிறேன்: அந்தக் கால் மணி நேரத்தில் அந்தப் பெண்ணை அனுப்பிவையுங்கள், ஷிப்டு முடியட்டும் என்று நிறுத்தி வைக்காதீர்கள்.

அந்தத் தாள் கையில் கிடைத்ததும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான இசிஜி தாள்கள் சூடுபட்டு எழுத்து விழும் வகை. வெயிலிலும் வெக்கையிலும் கோடு மங்கிப்போகும். பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேட் செய்யக் கொடுத்தால், அந்தச் சூட்டில் தாள் மொத்தமாகக் கறுத்துவிடும்.

(தொடரும்)