இரும்பைப் பறித்து உளுந்தைக் காக்கும் பாக்டீரியா

விஸ்வநத்தம் பக்கம் சென்றவர்கள், வெயிலில் காயும் பட்டாசுகளைப் பார்த்திருப்பீர்கள். மழை குறைந்த இந்த வானிலைதான் சிவகாசி வட்டாரத்தில் பட்டாசுத் தொழில் வேரூன்ற உதவியது. ஆனால் அதே வெப்பமும் வறட்சியும் மானாவாரி உளுந்துக்கும் பாசிப்பயறுக்கும் ஒரு பகைவனை வளர்த்துவிடுகின்றன. மேக்ரோஃபோமினா என்னும் பூசணமே அது.

இது தரும் நோய் வேரழுகல். இலைகள் மஞ்சளாகிச் செடி வாடும். இழுத்தால் எளிதில் கையோடு வந்துவிடும். வேர்ப்பட்டையை உரித்தால் கரித்தூள் தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள் தெரியும். இவை பூசணத்தின் உறங்கும் வித்துக்கள் போன்றவை. பயிர் இல்லாத காலத்திலும் மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். எனவே நோய் வந்தபின் விரட்டுவதைவிட, வேருக்கு முன்கூட்டியே காவல் வைப்பதே மேல்.

அந்தக் காவலாளி சூடோமோனாஸ் ஃப்ளோரசன்ஸ் என்னும் பாக்டீரியா. வேரிலிருந்து கசியும் சர்க்கரைகளை உண்டு, வேரைச் சுற்றியே வாழ்வது. அதன் போர்முறை என்ன?

உயிர்கள் சுவாசிக்க இரும்பு தேவை. மண்ணில் இரும்பு நிறைய உண்டு. ஆனால் காரத்தன்மையுள்ள கரிசலில் அது நீரில் கரைவதே அரிது. ஆகவே பாக்டீரியா 'சிடரோஃபோர்' என்ற பொருளைச் சுரந்து, கிடைக்கும் இரும்பைக் கவ்வி இழுத்துக்கொள்கிறது. பூசணம் இரும்பின்றித் தவிக்கிறது. 1980இல் அமெரிக்காவில் குளோப்பரும் அவர் குழுவினரும் இப்பொருளின் பயனை எடுத்துக்காட்டினர். பூசணத்தைத் தடுக்கும் வேதிப்பொருள்களைச் சுரப்பதும், செடியின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டுவதும் இதன் மற்ற ஆயுதங்கள்.

இங்கே இயற்பியலும் உண்டு. மத்தாப்பில் வெப்பம் பேரியம் சேர்மத்தைக் கிளர்த்திப் பச்சை ஒளி தருகிறது. இந்தச் சிடரோஃபோரோ வெப்பமின்றியே, புற ஊதாக் கதிரை உறிஞ்சி மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிர்கிறது. இதுவே ஒளிர்தல். இரும்பைக் கவ்வியதும் அவ்வொளி மங்கிவிடும்!

ஆய்வகக் குடுவையில் வளரும் பாக்டீரியாவை உழவரிடம் சேர்ப்பது எப்படி? கோவைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் வித்யாசேகரனும் முத்தமிழனும் அதை டால்க் தூளில் கலந்து, கொண்டைக்கடலை வாடல் நோய்க்கு எதிராகப் பயன்படுத்தி, 1995இல் முடிவுகளை வெளியிட்டனர். 8 மாதங்களுக்குப் பிறகும் ஒரு கிராம் தூளில் ஒரு கோடிக்கு மேற்பட்ட பாக்டீரியாக்கள் உயிரோடிருந்தன. 1997இல் துவரை வாடல் நோய்க்கான தூள் பற்றிய ஆய்வும் வெளிவந்தது.

ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் தூள் போதும். விதையோடு கலந்து, நிழலில் உலர்த்தி விதைக்கலாம். காலாவதியான தூளை வாங்கக் கூடாது. இரசாயனப் பூசணக்கொல்லியோடு கலக்கவும் கூடாது. ஏனெனில் இது மருந்துப்பொடியன்று; உயிருள்ள படை. படை இறந்துபோனால் மிஞ்சுவது வெறும் டால்க் தூளே!