முறுக்குவிசை ரெஞ்சைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

சொந்தமாகக் கார் அல்லது சிறு வண்டி வைத்திருக்கும் அங்கத்தினர் பலர், சில்லறைப் பழுதுகளைத் தாமே பார்த்துக்கொள்கின்றனர். சிக்கனத்தை முன்னிட்டு இது நன்றே. ஆயினும், சக்கர நட்டுகளைக் கைப்பழக்கத்தை மட்டும் நம்பி முடுக்குவது உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

தறியில் பாவின் இழுப்பு குறைந்தால் நெசவு தளரும்; மிகுந்தால் இழை அறும். போல்ட்டின் தன்மையும் அத்தகையதே. முடுக்கும்போது அது மயிரிழையளவு நீண்டு, வில்லைப் போல் இழுத்துப் பிடிக்கிறது. இழுப்பு போதாவிடில் ஓட்டத்தில் நட்டு கழலும். மிகுந்தால் மரை சிதையும், போல்ட்டு முறியும். ஆகவேதான் வண்டி தயாரிப்பாளர் உரிய முறுக்குவிசையை நியூட்டன்-மீட்டர் அளவில் கையேட்டில் குறிக்கின்றனர். சிறு கார்களின் சக்கர நட்டுகளுக்கு அது பெரும்பாலும் 100-ஐ ஒட்டியிருக்கும். எனினும் நம் வண்டிக்குரிய அளவைக் கையேட்டில் கண்டே கொள்ளவேண்டும்.

இந்த அளவைக் காட்டும் ரெஞ்சுகளில் மூன்று வகை உண்டு. வளைதண்டும் முள்ளும் உடையது எளியது; மலிவானது; எளிதில் அளவு பிறழாது. ஆனால் முள்ளை நேர்நின்று நோக்கவேண்டும். 'கிளிக்' என ஒலிப்பது வேலைக்கு வசதியானது; உள்ளே சுருள்வில் இருப்பதால் நாளடைவில் அளவு மாறக்கூடும். மின்னணு ரெஞ்சு எண்ணிலேயே காட்டும், விலை அதிகம்.

10 நியூட்டன்-மீட்டருக்கு மேற்பட்ட திறனுடைய 'கிளிக்' ரெஞ்சின் பிழை 4 சதவீதத்தைத் தாண்டலாகாது என்பது ஐ.எஸ்.ஓ. 6789 என்னும் சர்வதேசத் தரவிதி. வாங்கும்போது, அந்தச் சதவீதம் எதன்மீது கணக்கிடப்பட்டது எனக் கேட்டறிவது அவசியம். 200 வரை அளக்கும் கருவியில் உச்ச அளவின்மீது 4 சதவீதம் எனில், பிழை எங்கும் 8 வரை இருக்கலாம். 40-இல் முடுக்கும்போது அது ஐந்தில் ஒரு பங்காகிவிடும். ஆகவே நாம் அடிக்கடி பயன்படுத்தும் அளவு, கருவியின் நடுப்பகுதியில் அமையவேண்டும். சக்கரங்களுக்கு 40 முதல் 200 வரை அளக்கும் அரை அங்குல ரெஞ்சு ஏற்றது. ஸ்பார்க் பிளக் போன்றவற்றிற்குச் சிறியது ஒன்று தனியே வேண்டும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ரெஞ்சின் சதுரமுனையைப் பட்டறைப் பிடியில் இறுக்கி, தண்டைக் கிடையாக வைத்து, முனையிலிருந்து 40 செ.மீ. தூரத்தில், கைப்பிடியின் நடுவில், 20 கிலோ எடையை மெதுவாகத் தொங்கவிட்டால் சுமார் 78 நியூட்டன்-மீட்டர் காட்டவேண்டும். கருவியின் சொந்த எடையும் சிறிது சேருமாதலால் இது தோராயமானதே. ஆண்டிற்கொருமுறை சோதனைக்கூடத்தில் சரிபார்த்தல் உத்தமம்.

இக்கருவியால் நட்டைக் கழற்றலாகாது. 'கிளிக்' ஒலித்தபின் மேலும் இழுக்கலாகாது. வேலை முடிந்ததும் அளவைக் கடைசிக் குறிக்குத் தாழ்த்தி வைக்கவேண்டும். கையேடு கூறினாலன்றி மரையில் எண்ணெய் இடலாகாது. எண்ணெய் உராய்வைக் குறைப்பதால், அதே அளவில் போல்ட்டு மிகையாக இழுபடும். சக்கரம் மாட்டி 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடியும் சோதிப்பது நன்று.

ஆண்டில் சில நாட்களே தேவைப்படும் கருவி இது. நான்கைந்து குடும்பத்தார் கூடித் தரமான ஒன்றை வாங்கினால், தனித்தனியே மலிவானவற்றை வாங்குவதைவிடச் செலவும் குறையும், நம்பிக்கையும் மிகும்.