கடவுளை மறுப்பவர் கைரோபிராக்டிக்கை நம்பலாமா?

மலர்க்குழு நண்பர்கள் ஆண்டுதோறும் என்னிடம் மணிமேகலை பற்றித்தான் கட்டுரை கேட்பார்கள். இந்த முறையும் மணிமேகலை வருகிறாள், ஆனால் கொஞ்சம் பின்னால். முதலில் என் இடுப்பு வலியைச் சொல்லியாக வேண்டும்.

மும்பை மின்சார ரயிலில் முப்பத்தைந்து ஆண்டுகள் நின்றுகொண்டே வேலைக்குப் போன உடம்பு இது. சென்ற ஆண்டு மூன்று வாரம் குனிந்து செருப்பு மாட்ட முடியவில்லை. பக்கத்துக் கட்டடத்துக்காரர் சொல்லி ஒரு கைரோபிராக்டிக் நிலையத்துக்குப் போனேன். குப்புறப் படுக்க வைத்து, முதுகில் கையை ஊன்றிச் சட்டென்று ஓர் அழுத்து. நம்மூரில் நெட்டி முறிப்போமே, அதே சத்தம். மூன்று முறை போனதில் வலி விட்டுப்போச்சு. பன்னிரண்டு முறைக்கு முன்பணம் கட்டியிருந்தேன். அங்கிருந்தவர் அதோடு விடவில்லை. கழுத்தையும் சரிசெய்யணும், பேரனுக்கு வீசிங் இருக்குன்னா அவனையும் கூட்டிட்டு வாங்க, மருந்தை மெல்ல நிறுத்திடலாம் என்றார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

அங்கே கொடுத்த துண்டுத்தாளை மருமகள் வாங்கிப் படித்தாள். "மாமா, சாமி இல்லைன்னு சொல்றீங்க. முதுகெலும்பு வழியா ஒரு பிறவி அறிவு ஓடி உடம்பை நடத்துதுன்னு இதுல போட்டிருக்கே, இதை மட்டும் எப்படி நம்புறீங்க?" என்றாள். பையனாக இருந்தபோது பெரியார் பேச்சை நேரில் கேட்டவன் நான். பதில் வரவில்லை.

அந்தப் 'பிறவி அறிவு' எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். அமெரிக்காவில் அயோவா மாநிலத்து டேவன்போர்ட் நகரில் டி.டி. பால்மர் என்பவர் காந்த சிகிச்சை செய்துவந்தார். 1895 செப்டம்பரில், காது கேளாத ஹார்வி லில்லர்ட் என்ற துப்புரவுப் பணியாளரின் முதுகெலும்பை அழுத்தியதும் அவருக்குக் காது கேட்டது என்று அறிவித்தார். (செவி நரம்பு மண்டையோட்டுக்குள்ளேயே மூளைக்குப் போய்விடுகிறது, முதுகுப் பக்கம் வருவதே இல்லை.) எலும்பு விலகினால் நரம்பு வழியே இயங்கும் 'இன்னேட் இன்டெலிஜென்ஸ்' தடைபடுகிறது, பெரும்பாலான நோய்களுக்கு அதுவே மூலம் என்பது அவர் கொள்கை. அந்த அறிவு பிரபஞ்ச அறிவின், அதாவது கடவுளின், ஒரு பங்கு என்றும் எழுதினார். இறந்துபோன ஒரு மருத்துவரின் ஆவியிடமிருந்து இக்கலையைப் பெற்றதாகவும் சொன்னார். உரிமமின்றி வைத்தியம் பார்த்ததற்காக 1906ல் சிறை சென்ற அவர், 1911ல் இதை ஒரு மதமாகவே ஆக்கிவிடலாமா என்று ஒரு கடிதத்தில் யோசித்திருக்கிறார். மருமகளின் அம்பு சரியான இடத்தில்தான் பட்டிருக்கிறது!

ஆனால் இத்தொழிலில் உள்ள எல்லோரும் இன்று அப்படியில்லை. முதுகு வலிக்கான கைவைத்தியம் என்ற அளவோடு நிற்பவர்களும் உண்டு. பிரிட்டனில் இத்தொழிலை ஒழுங்குபடுத்தும் அமைப்பே, எலும்பு விலகல்தான் நோய்க்குக் காரணம் என்பதற்கு ஆராய்ச்சி ஆதாரம் இல்லை என்று 2010ல் அறிவித்தது. அத்தகையவரிடம் போக நாத்திகருக்கு என்ன தடை? கடவுள் இல்லை என்பது ஒரே ஒரு கேள்விக்கான விடை. முதுகெலும்பைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. அதனால்தான் நாத்திகர் ஏமாறமாட்டார் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

இனி மணிமேகலை. சமயக்கணக்கர்தம் திறம் கேட்ட காதையில் பூதவாதி ஒருவன் வருகிறான். மறுமை பொய் என்பவன். காட்சி அளவை ஒன்றே போதும், அனுமானம் ஆகாது என்பவன். அப்படியானால் உன் தாய் தந்தையரை எப்படி அறிந்தாய் என்று மணிமேகலை அவனை மடக்குகிறாள். பல முறை படித்த இடம்தான். அந்தப் பூதவாதி நானே என்று இப்போதுதான் உறைத்தது. வலி போனதை நான் உணர்ந்தேன், அது காட்சி. அழுத்தியதால்தான் போனது என்பது அனுமானம். திடீரென்று வரும் இடுப்பு வலி எந்தச் சிகிச்சை செய்தாலும் பெரும்பாலும் நாளடைவில் குறைந்துவிடும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரியின் 2017 வழிகாட்டுதல் சொல்கிறது. ஒத்தடம், மசாஜ் இவற்றோடு முதுகெலும்பை அழுத்துவதையும் செய்து பார்க்கலாம் என்று அதே வழிகாட்டுதல் அனுமதிக்கவும் செய்கிறது, ஆதாரம் வலுவில்லை என்ற குறிப்போடு. ஆக, இடுப்பு மட்டும் என்றால் எனக்கு வெட்கப்பட ஒன்றுமில்லை.

பேரன் விஷயம் அப்படியல்ல. 1998ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆப் மெடிசின் இதழில் ஓர் ஆய்வு வந்தது. ஆஸ்துமா உள்ள குழந்தைகளை இரண்டு பிரிவாக்கி, வழக்கமான மருந்தை நிறுத்தாமல், ஒரு பிரிவுக்கு உண்மையான கைரோபிராக்டிக் அழுத்தமும் மற்றதற்குப் பாவனை அழுத்தமும் நான்கு மாதம் கொடுத்தார்கள். இரண்டு பிரிவிலும் தொந்தரவு குறைந்தது. வித்தியாசமே இல்லை! ஒப்பிட இரண்டாவது பிரிவு இல்லாதிருந்தால், அந்தப் பெற்றோர் ஒவ்வொருவரும் "எங்க பிள்ளைக்குக் கண்ணால பார்த்தோம்" என்று சொல்லியிருப்பார்கள். நான் பேரனை அழைத்துப் போயிருந்தால் அதையேதான் சொல்லியிருப்பேன், அதுவும் மருந்தை நிறுத்திவிட்டு. கழுத்தைச் சடக்கென்று திருப்புவதில், அரிதாக, மூளைக்குப் போகும் தமனி கிழிந்து பக்கவாதம் வந்ததும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது.

கட்டிய பணத்தில் இன்னும் ஒன்பது முறை பாக்கி. திருப்பித் தரமாட்டார்களாம். இடுப்பு மறுபடி பிடித்துக்கொண்டால் போவேன், கழுத்தைத் தொட விடமாட்டேன் என்று மருமகளிடம் சொன்னேன். "சரி மாமா" என்று சொல்லிவிட்டுப் பேரனின் பள்ளிப் பையில் இன்ஹேலர் இருக்கிறதா என்று பார்க்கப் போனாள்.