அறவாரியத்திற்கு வந்த அச்சு இயந்திரங்கள்

ஆலயத்திற்குப் பொன்னாகவும் பொருளாகவும் வரும் காணிக்கைகளைப் பக்த அன்பர்கள் அறிவீர்கள். நம் அறவாரியத்திற்கு ஒருமுறை ஓர் அச்சகமே வந்து சேர்ந்தது. நெடுங்காலம் அச்சுத்தொழில் நடத்தி மறைந்த அன்பர் ஒருவரின் குடும்பத்தார், "இயந்திரங்களை விற்று மாணவர் கல்வி நிதியில் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று கடைச் சாவியைக் கொடுத்துவிட்டார்கள். நானோ பள்ளிக்கூடத்தில் சைக்ளோஸ்டைல் இயந்திரத்தின் கைப்பிடியைச் சுற்றியவன். அதற்கு மேல் அச்சுத்தொழில் தெரியாது.

முதல் வாரத்திலேயே பழைய இயந்திர வியாபாரி ஒருவர் வந்தார். ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எல்லாம் பழைய இரும்புதான் சார். ஏழாயிரம் வெள்ளி தருகிறேன், லோரிச் செலவும் என்னுடையது" என்றார். செயலவையினர் பலருக்கு அது நியாயமாகவே பட்டது. உண்மையைச் சொன்னால் எனக்கும்தான். குடும்பத்தாரோ தகப்பனார் வாங்கிய விலையை மனத்தில் வைத்து, இலட்சத்துக்குக் குறையாது என்று நம்பியிருந்தார்கள்.

"நாளை நன்கொடையாளர்கள் கேட்டால் எந்தக் கணக்கைக் காட்டுவது?" என்று பொருளாளர் கேட்டார். யாரிடமும் பதில் இல்லை. வாங்க வந்தவரையே விலை சொல்ல விடுவது சரியில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இயந்திர மதிப்பீட்டில் அனுபவமுள்ள ஒருவரை அமர்த்தினோம். நம் நாட்டில் மதிப்பீட்டுத் தொழில் 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருவதால், பதிவு பெற்றவர்தானா என்று முதலில் உறுதி செய்துகொண்டோம். கட்டணத்தையும் முன்னதாகவே எழுத்தில் முடித்துக்கொண்டோம்.

அவர் வேலை செய்த விதம் ஒரு பாடம் நடத்தியது போலிருந்தது. முதலில் ஒவ்வோர் இயந்திரத்தின் தொடர் எண்ணையும் குறித்தார். தயாரிக்கப்பட்ட ஆண்டை அதைக்கொண்டு கண்டறியலாமாம். எத்தனை தாள் ஓடியது என்று காட்டும் கவுண்டரைப் பார்த்தார், ஆனால் அதை மட்டும் நம்பவில்லை. ஹைடல்பெர்க் ஜிடிஓ ஆஃப்செட் இயந்திரத்தை ஓட்டிக் காட்டச் சொன்னார். அங்கு வேலை செய்த பழைய ஊழியர் ஒருவரைத் தேடி அழைத்து வந்தோம். தாள் முழுவதும் ஒரே மையை அடித்துப் பார்த்தார்கள். பல்சக்கரமோ பேரிங்கோ தேய்ந்திருந்தால் குறுக்கே கோடுகள் விழுமாம். பிறகு கோடும் புள்ளியுமாக ஒன்றை அடித்து, அதே தாள்களை மறுபடியும் உள்ளே விட்டு, இரண்டாம் அச்சு முதல் அச்சின் மேலேயே உட்காருகிறதா என்று பூதக்கண்ணாடியால் பார்த்தார். தாளைப் பிடிக்கும் கிரிப்பர்கள் தளர்ந்திருந்தால் அச்சு விலகிவிடும். ரோலர்கள் வெடித்திருந்தன. "ரோலரை மாற்றிக்கொள்ளலாம் சார், சிலிண்டரில் பள்ளம் விழுந்தால்தான் கவலை" என்றார்.

எங்களை வியக்க வைத்தது மூலையில் கரிபிடித்து நின்ற ஹைடல்பெர்க் விண்ட்மில். காற்றாடி இறக்கைபோல் சுழலும் இரண்டு கைகள் தாளை எடுத்து வைப்பதால் அந்தப் பெயர். அதன் உற்பத்தி 1985இல் நின்றுவிட்டது. ஆயினும் கல்யாணப் பத்திரிகையில் பொன்னிறம் பதிக்கவும், ரசீதுப் புத்தகத்தில் எண் அடிக்கவும், அட்டையை வெட்டி மடிப்புத் தடம் போடவும் இன்றும் அதைத் தேடுகிறார்கள். மாறாக, குடும்பத்தார் பெரிதாக நினைத்திருந்த பிலிம் கேமராவுக்கு அவர் எழுதிய மதிப்பு சுழியம். கணினியிலிருந்து நேராகத் தகட்டுக்குப் போகும் காலத்தில் அதற்கு வேலை ஏது?

அறிக்கையில் ஒரு விலைக்குப் பதில் மூன்று விலைகள் இருந்தன. அச்சகமாகவே தொடர்ந்து நடந்தால் ஒன்று, அவகாசம் எடுத்து விற்றால் 41,000 வெள்ளி, அவசர ஏலத்தில் 24,000 வெள்ளி. கழற்றி வெளியே கொண்டுபோகும் செலவையும் அவர் விடவில்லை. விண்ட்மில் மட்டுமே ஒரு டன்னுக்கு மேல்; கடையின் பின்பக்கத்திலிருந்து ஐந்தடி வழியைத் தாண்டி லோரியில் ஏற்ற வேண்டும்.

அந்த மூன்று எண்களையும் குடும்பத்தாரிடம் காட்ட நான்தான் போனேன். மூத்த மகன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்பா இருந்திருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பார் சார்" என்று கையெழுத்திட்டார்.

கடைக்காரரிடம் ஐந்து மாத வாடகைத் தவணை கேட்டு வாங்கி, ஒவ்வொன்றாக விற்றோம். மொத்தம் 39,500 வெள்ளி கிடைத்தது. மதிப்பீட்டுக் கட்டணமும் வாடகையும் போக எஞ்சியது கல்வி நிதியில் சேர்ந்துவிட்டது. அறிக்கையும் விற்பனை ரசீதுகளும் ஆலய அலுவலகத்தில் உள்ளன. விரும்பும் அன்பர்கள் பார்வையிடலாம். பிலிம் கேமராவை எடுத்துப்போகத்தான் இன்னும் ஆள் வரவில்லை.